என்ன முறை வேண்டும்

எண்ணெய் ஆறுவதற்குள் தேய்த்துவிட வேண்டும், ஆறிப்போனதைத் தேய்த்தால் தலையில் நீர் கோத்துக்கொள்ளும், அப்புறம் வாரம் முழுக்க வீட்டில் இருமல்தான், என்று சனிக்கிழமைதோறும் நினைக்கிற அதையேதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டு நிற்கிறேன், ஆனால் கிண்ணத்துக்குள் போன கை வெளியே வரமாட்டேன் என்கிறது. அவர் கொல்லையில் துவைக்கிற கல்லின்மேல் துண்டைக் கட்டிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். முதுகு அவர் முதுகுதான். தோள்பட்டைக்குக் கீழே அந்த மச்சம், ஏற்காட்டு மலைப் பாதையில் இருபத்தைந்து முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓட்டி ஒரு பக்கமாக இறங்கிப்போன தோள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இந்த முதுகைப் பார்த்திருந்தால் ஒன்றும் தோன்றியிருக்காது. "என்ன புள்ள, எண்ணெ சேலத்துலேருந்து பஸ்ஸு ஏறி வருதா?" என்கிறார். "இருங்க, சூடா இருக்குது" என்கிறேன். சூடு இல்லை. சரியான பதத்தில்தான் இருக்கிறது, மிளகும் பூண்டும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், கிண்ணத்தின் அடியில் பூண்டு கருகிக் கிடக்கிறது. கருகியதற்குக் காரணம் சங்கவிதான். எண்ணெய் அடுப்பில் இருக்கும்போது போனில் பேசினாள். "அம்மா, அப்பா பக்கத்துல இருக்காரா?" "கொல்லையில கெடக்குறாரு, ஏன்டி?" "நீ கொஞ்சம் உக்காரு." உட்காரச் சொன்னதும், மகள் டப்ளினில் நர்ஸ், அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது, மாப்பிள்ளையோடு சண்டை, வேலை போய்விட்டது, ஒரு நொடிக்குள் எல்லாவற்றையும் நினைத்து முடித்துவிட்டேன், இதை மட்டும் நினைக்கவில்லை. இதை யார்தான் நினைப்பார்கள்.

போன சித்திரையில் லீவுக்கு வந்தபோது ஒரு குழாயைக் கொடுத்து "இதுல துப்பும்மா" என்றாள். அவருக்கும் ஒரு குழாய். அவர் வெற்றிலை போட்ட வாயோடு துப்பப்போய், வாயைக் கொப்பளிச்சிட்டு வாங்கப்பா என்று அவள் கத்தி, நாங்கள் சிரித்த சிரிப்பு. எச்சிலைப் பார்த்து வம்சம் சொல்வார்களாம். ஜோசியக்காரன் கையைப் பார்க்கிறான், இவர்கள் எச்சிலைப் பார்க்கிறார்கள், நமக்கென்ன வந்தது என்றுதான் துப்பினேன். ஆறாவதோடு நின்றவளுக்கு அதற்குமேல் என்ன தெரியும். இன்றைக்குச் சங்கவி சொன்னாள், அயர்லாந்திலேயே ஒரு கிழவிக்கும் உங்கள் இரண்டு பேருக்கும் ரத்தம் ஒத்துப்போகிறது என்று. கிழவி பேர் ஹனோரா, பாலின்வாரா என்கிற ஊர்ப் பிரபு குடும்பமாம். தொண்ணூறு வயது இருக்குமாம், சொந்தக் குடும்பத்து வம்சாவளியைத் தேடுவதுதான் வேலையாம், அவளும் துப்பி வைத்திருக்கிறாள். அவளுடைய சின்னத் தாத்தா ஆப்ரி என்கிறவர் நம் மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்தாராம். ஆப்ரி துரை. எனக்குத் தெரியாதா அந்தப் பேர்? இன்னும் எங்கள் ஊரில் அந்த மேட்டுக்கு ஆப்ரி துரை மேடு என்றுதானே பேர், பஸ் அங்கே நின்றுதானே போகிறது, இவரே எத்தனை தடவை "ஆப்ரி மேடு எறங்கு" என்று சத்தம் போட்டிருப்பார். "அந்தத் துரைதாம்மா அப்பாவுக்குத் தாத்தா. வெள்ளையன் தாத்தாவைப் பெத்தவரு." சரி, இருக்கட்டும், அது நடக்காத ஊரா, என் மாமனார் பேரே வெள்ளையன், ஆனால் எங்கள் பக்கம் கரியாக இருப்பவனுக்கெல்லாம் வெள்ளையன் என்று பேர், அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. "அதில்லம்மா. உனக்கும் அவருதான் தாத்தா. நீயும் அப்பாவும் ஒரே தாத்தாவோட பேரப்புள்ளைங்க. பாட்டி வேற வேற." எண்ணெய் பொரிந்துகொண்டிருந்தது. பூண்டு கருகும் வாசனை வந்தது. வாசனை வருகிறது, அடுப்பை அணைக்க வேண்டும் என்று தெரிகிறது, கை போகவில்லை. "எங்கப்பன் வழியா, எங்கம்மா வழியாடி?" என்று கேட்டேன். அதுதான் என் வாயில் முதலில் வந்தது. "அது இதுல தெரியாதும்மா. அவங்க எச்சில் வேணும். ரெண்டு பேரும்தான் இல்லையே. ஏம்மா, எந்த வழியா இருந்தா என்ன?"

எந்த வழியாக இருந்தால் என்னவாம். படித்த பெண். எண்ணெயை உச்சியில் வைத்துவிட்டேன், இனி எடுக்க முடியாது, தேய்க்க வேண்டியதுதான். முடி முன்பக்கம் இல்லை, பின்னால் மட்டும் வெள்ளையாக மெத்தென்று இருக்கிறது. அம்மா வழி என்றால் என் அம்மாவும் மாமனாரும் அண்ணன் தங்கை ஆகிறார்கள், இவர் எனக்கு மாமன் மகன், முறை மாப்பிள்ளை, ஊரே கூடி நின்று கட்டிவைக்கிற முறை. அப்பா வழி என்றால் எங்கள் அப்பாவும் இவர் அப்பாவும் அண்ணன் தம்பி. அண்ணன் தம்பி பிள்ளைகள். பங்காளி. அப்படியென்றால் இந்தத் தலை, என் உள்ளங்கைக்குக் கீழே சூடாக இருக்கிற இந்தத் தலை, எனக்கு அண்ணன். அந்த வார்த்தை வந்ததும் கையை எடுத்துவிட்டேன். "நல்லா அழுத்தித் தேயேன்" என்கிறார். மறுபடி வைத்தேன். பெரியப்பா மகனைக் கட்டினவளை எங்கள் ஊர் என்ன செய்யும்? செய்ய வேண்டியதே இல்லை, அவளே நாண்டுகொள்வாள். அந்தக் கிழவி ஹனோரா இதைக் கேட்டுச் சிரித்தாளாம். அவளுடைய தாத்தாவும் பாட்டியும் அண்ணன் தம்பி பிள்ளைகளாம். நிலம் வெளியே போகக் கூடாதென்று அவர்களுக்குள்ளேயே கட்டிக்கொள்வார்களாம், பிரபு வீட்டில் அது கௌரவமாம், அதில் தப்பே இல்லையாம். சீ. அரண்மனை இருக்கிறது, குதிரை இருக்கிறது, முறை தெரியவில்லையே. பதினாறு தலைமுறை எழுதி வைத்திருக்கிறாள், யார் யாருக்குப் பிறந்தார்கள், யார் யாரைக் கட்டினார்கள் என்று வேர் மாதிரி கோடு கோடாக இழுத்து, மூத்தவனுக்குப் பட்டமும் வீடும், இளையவன் பட்டாளத்துக்கோ பாதிரி வேலைக்கோ இந்தியாவுக்கோ போக வேண்டியது, பெண் பிறந்தால் கட்டிக்கொடுத்த இடத்தோடு கோடு நின்றுவிடும். இத்தனை எழுதினவர்கள் பெரியப்பன் மகன் கூடப்பிறந்தவன் மாதிரி என்று ஒரு வரி எழுதவில்லை. "காதுல வுடு புள்ள ரெண்டு சொட்டு." விட்டேன். காது. இந்தக் காதை எங்கே பார்த்திருக்கிறேன்? இங்கேதான், தினமும். வேறு எங்கே? என் அப்பாவுக்கு எப்படி இருந்தது காது? காது ஞாபகம் இல்லை. கண்தான் ஞாபகம் இருக்கிறது.

அப்பாவுக்குப் பூனைக்கண். அதை நான் இவ்வளவு நேரம் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருக்கிறேன், அது மறுபடி மறுபடி வந்து நிற்கிறது, மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் அதே பாறை தெரிகிற மாதிரி. வெயிலில் நின்றால் அப்பா கண் தேன் மாதிரி இருக்கும், சின்ன வயதில் அதற்குள் என்னைப் பார்த்துக்கொள்வேன். சங்கவி ஒரு படம் அனுப்பியிருக்கிறாள், கிழவி வீட்டுச் சுவரில் மாட்டிய பழைய ஓவியம், கழுத்தில் மடிப்பு மடிப்பாய்த் துணி கட்டிய ஒருத்தன், அவனுக்கும் அதே கண். போனைத் திறந்து ஒரு தடவை பார்த்தேன், பருப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அங்கேயும் அது பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அப்பா வழி என்று முடிவாகிவிட்டது, என் மனதில் ஒன்று முடிவு பண்ணிவிட்டது, இன்னொன்று ஒத்துக்கொள்ளவில்லை, இல்லை இல்லை என்று உள்ளே யாரோ தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கல்யாணத்தன்று இவரை முதலில் பார்த்தபோது எங்கேயோ பார்த்த முகம் என்று தோன்றியதே. அதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேனே. "முன்ஜென்ம சொந்தம்டி" என்று என் அத்தை கன்னத்தைக் கிள்ளினாளே. இவருக்குச் சொந்த மாமன் மகள் இருந்தாள், பாப்பாத்தி, அரூரில். வேண்டாம் என்றார். சொந்தத்தில் கட்டினால் பிள்ளை ஊனமாகப் பிறக்கும், அசலில்தான் கட்டுவேன் என்று அப்போதே வீட்டில் சண்டை போட்டு, மலையேறி வந்து, யாரென்றே தெரியாத என்னைக் கட்டினார். அசலில் கட்டினேன் என்று இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இளவட்டங்களுக்குப் புத்தி சொல்கிறார்.

அசல். அந்த வார்த்தைக்கு என் கை மறுபடி நின்றுவிட்டது. சேலத்து ஆஸ்பத்திரி, பச்சைத் திரை, முதல் பிள்ளை. ஆண் பிள்ளை. நகமெல்லாம் நீலமாக இருந்தது. அழவில்லை, முனகினான், பால் இழுக்கத் தெரியவில்லை. இதயத்தில் ஓட்டை என்றார்கள். பேர் வைக்கவில்லை, வைக்க விடவில்லை, பேர் வைத்தால் மறக்க முடியாது என்று மாமியார் தடுத்துவிட்டாள், பேர் வைக்காததால்தான் மறக்க முடியவில்லை, என்னவென்று கூப்பிட்டு அழுவது? அந்த டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார், "சொந்தத்துல கல்யாணமா?" இவர் எழுந்து நின்றார். மார்பை நிமிர்த்திக்கொண்டு, "இல்லீங்க சார், அசலுங்க" என்றார். நானும் தலையை ஆட்டினேன். டாக்டர் பேனாவை மூடிவிட்டார். அப்போ என்னன்னு தெரியலைம்மா, சில பிள்ளைங்க இப்படிப் பிறக்கும் என்றார். அந்தச் சில பிள்ளைங்க என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன். இப்போது அதையும் பிடுங்கிக்கொண்டு போகிறார்களா? காற்று அடிக்கிறது, சவுக்கு மரம் இரைகிறது, வெந்நீர் அண்டாவுக்குக் கீழே விறகு புகைகிறது, ஊத வேண்டும். ஊதவில்லை. சங்கவி நன்றாகத்தானே பிறந்தாள். நன்றாகத்தான் பிறந்தாள், கால் விரலைத் தவிர.

"அந்த எச்சி என்னாச்சாம்? பொண்ணுகிட்ட கேட்டியா?" என்கிறார் திடீரென்று. "வந்துருச்சாம்." "நான் யாராம்? அயர்லாந்து ராசாவா?" "கிட்டத்தட்ட. அங்க அரமணக்காரக் கெழவி ஒருத்தி உங்களுக்குச் சொந்தமாம்." தோள் குலுங்கச் சிரிக்கிறார். "அப்போ எனக்கு ஒரு அரமண குடுக்கச் சொல்லு. இந்த டீச்சரம்மா வீட்டுக்கு வாடகை குடுத்து மாளல." "அரமணையெல்லாம் மூத்தவனுக்குத்தானாம்." "நான் மூத்தவன்தானே." "உங்க தாத்தா இளையவராம். வெரட்டி வுட்டுட்டாங்களாம்." "பாத்தியா, அங்கயும் பாகத் தகராறு." அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆப்ரி துரை என்று இன்னும் சொல்லவில்லை, சொன்னால் அடுத்து என்னைச் சொல்ல வேண்டும். சொல்லாமலே இருந்துவிட்டால்? சங்கவி வாயை மூடச் சொல்லலாம். கிழவி வாயை யார் மூடுவது, அவள் போனில் எல்லோருக்கும் சொல்வாள், புதுசாகச் சொந்தம் கிடைத்த சந்தோஷத்தில் இருக்கிறாள். சங்கவி கால் விரலைக் காட்டினதும் கிழவி சாக்ஸைக் கழற்றித் தன் காலை போனுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாளாம், தொண்ணூறு வயதில். இடது கால், இரண்டாவது விரலும் மூன்றாவதும் ஒட்டினாற்போல. எங்கள் வீட்டுக் கால் என்றாளாம். சங்கவி கல்யாணத்தில் அந்தக் காலில் மெட்டி ஏறாமல் மாப்பிள்ளை திணறி, ஐயர் இன்னும் கொஞ்சம் தள்ளு தள்ளு என்று சொல்லி, கடைசியில் ஒப்புக்கு நாலாவது விரலில் மாட்டினார். இவர் தன் காலையும் நீட்டி, "என் கைங்கரியம் மாப்ளே" என்று சிரித்தார். அப்போது சிரித்த சிரிப்பெல்லாம் இப்போது திரும்பி வந்து என்னைப் பார்க்கிறது.

முதுகு முடிந்தது. கை முடிந்தது. சனிக்கிழமை எண்ணெய் காலோடுதான் முடியும், பஸ் ஓட்டின கால், நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது, அமுக்கிவிட்டால்தான் இரவு தூங்குவார். கீழே உட்கார்ந்தேன். வலது காலை முடித்தேன். இடது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், அண்ணன் காலா, மாமன் மகன் காலா, கால் ஒன்றும் சொல்லவில்லை. கட்டை விரலுக்கும் அடுத்ததுக்கும் நடுவே எண்ணெய் விட்டு விரலால் வழித்தேன். அடுத்த இடுக்குக்கு விரல் போனது. போய், நின்றுவிட்டது. அங்கே இடுக்கு இல்லை. எத்தனை சனிக்கிழமை இந்த இடத்தில் விரல் நின்றிருக்கிறது, ஒருநாளும் ஒன்றும் நடந்ததில்லை, இன்றைக்கு விரல் நின்றதும் கன்னத்தில் பளீரென்று ஒரு அறை விழுந்தது. அம்மா அறைந்த அறை. நான் ரொம்பச் சின்னவள், தோட்டத்துக் கூலிகளின் லயன் வீட்டில் அம்மா கால்மாட்டில் படுத்திருக்கிறேன், வெளியே மழை, தூக்கம் வராமல் அம்மா காலைத் தொட்டுக்கொண்டு விளையாடுகிறேன், விரலுக்கு நடுவே என் விரலை விட்டு விட்டு எடுக்கிறேன், ஒரு இடத்தில் போகவில்லை, நகத்தால் பிரித்துப் பார்த்தேன். அம்மா எழுந்து உட்கார்ந்து அறைந்தாள். வேறு எதற்கும் என்னை அடித்தவள் இல்லை. அப்புறம் அம்மா காலை நான் பார்த்ததே இல்லை. பகலெல்லாம் அட்டைக்குப் பயந்து சாக்குத் துணி சுற்றிய கால், வீட்டில் சேலைக்குள் மடக்கிய கால். ஆனால் சத்தம் இருக்கிறதே, அம்மா சிமெண்டுத் தரையில் நடந்தால் ஒரு காலுக்கு மெட்டி சத்தம் வரும், மறு காலுக்கு வராது. டிக், அப்புறம் ஒன்றும் இல்லை, டிக், அப்புறம் ஒன்றும் இல்லை. இன்னொன்று எங்கம்மா என்று கேட்டால், காப்பிச் செடிக்கடியில விழுந்துபோச்சு என்பாள். விழுந்ததை ஒருநாளும் தேடினதில்லை.

அம்மா வழி. அம்மா வழிதான். அப்பா கண் அப்பாவுடையது, அது எங்கிருந்து வந்ததோ, அதைத் தோண்ட நான் போகமாட்டேன். மாமன் மகன். இவர் எனக்கு மாமன் மகன், நான் இவருக்கு அத்தை மகள், ஒன்றும் கெட்டுப்போகவில்லை, யாரும் நாண்டுகொள்ள வேண்டாம். காலை மடியோடு கட்டிக்கொண்டு சிரிக்க வேண்டும்போல இருந்தது, "என்ன, கூசுது" என்று அவர் காலை இழுத்தார், விடவில்லை. எவ்வளவு நேரம் இருந்தது அந்தச் சந்தோஷம்? அண்டாவில் வெந்நீர் கொதிக்கிற சத்தம் கேட்கிறவரைக்கும். வெந்நீர். அம்மாவைப் பெற்றவள் கெங்கம்மாள், நான் பார்த்ததில்லை, அவளைப் பற்றி அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான். சின்னப் பெண்ணாக இருக்கும்போதே பங்களாவில் வேலைக்குச் சேர்ந்தாள், துரைக்குக் குளிக்க வெந்நீர் வைத்துக் கொடுக்கிற வேலை. அப்புறம் திடீரென்று பங்களாக் காவல்காரனுக்குக் கட்டிவைத்தார்களாம், காவல்காரனுக்கு அவள் அப்பன் வயது. துரை கல்யாணப் பரிசாக ஒரு கறவை மாடு கொடுத்தாராம். அம்மா அந்த மாட்டைப் பற்றித்தான் பெருமையாகச் சொல்வாள். சின்னப் பெண் என்றால் எவ்வளவு சின்னப் பெண்? பாவாடை கட்டுகிற பெண்ணா? இவர் அப்பாவைப் பெற்றவள் காப்பிப் பழம் பறித்தவள், அவளும் அதே மலையில், பிள்ளையோடு கீழே இறங்கிப் போகிறவரைக்கும், அவளுக்கு என்ன பரிசு கொடுத்தார்கள்? போன் வந்ததிலிருந்து நான் எனக்கு இவர் என்ன முறை என்று நெஞ்சு வெடிக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கெங்கம்மாளுக்கு அந்தத் துரை என்ன முறை? அதற்கு ஒரு பேர் தேடிப் பார்க்கிறேன், ஒன்றும் வரவில்லை. கிழவியின் வம்சாவளியில் ஆப்ரி துரை பேருக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது தெரியுமா, கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை இல்லை. சங்கவி படித்துச் சொன்னாள். பிள்ளை இல்லை. இங்கே நான் உட்கார்ந்திருக்கிறேன், இவர் உட்கார்ந்திருக்கிறார், இவர் கால் என் மடியில் இருக்கிறது. நீல நகத்தோடு ஒருவன் சேலத்து மண்ணுக்குள் இருக்கிறான்.

"அழறியா என்ன?" என்றார். "பொகை." "நீ வெறகு பக்கமே போவலையே." குனிந்து என் முகத்தைப் பார்க்கிறார், நெற்றியிலிருந்து எண்ணெய் இறங்குகிறது. "அந்தப் புள்ள என்னதான் சொன்னா? ஒடம்புக்கு ஏதாச்சுமா?" "ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. எச்சியப் பாத்ததுல நமக்குச் சொந்தம் கெடச்சிருக்காம்." "அதுக்கா அழுவுற? யாரு, அந்தக் கெழவியா?" "கெழவியுந்தான்." "வேற யாரு?"

"நான்."

சிரித்தார். "வெளயாடாத புள்ள. நீ எனக்கு அசலு."

"ஆப்ரி தொரைங்க. உங்கப்பனப் பெத்தவனும் எங்கம்மாவப் பெத்தவனும் ஒருத்தன்தானாம்."

சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. ஆப்ரி மேட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், என் மடியிலிருந்த தன் காலைப் பார்த்தார், எடுக்கவில்லை. இப்போது அத்தை மகளே என்று ஏதாவது கேலி பேசுவார், முறை சரியாகத்தானே இருக்கிறது என்பார் என்று காத்திருந்தேன். எண்ணெய் புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கியது. எரிந்திருக்கும். அவர் துடைக்கவில்லை.

"அப்போ அன்னிக்கி அந்த டாக்டரு கேட்டாரே, புள்ள" என்றார்.